ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா: கட்டுக்குள் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

"இப்போ எப்படி இருக்கான்?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லை டாக்டர்" என்பதுதான் பல வீடுகளின் பதில். அன்று காலை வீசிங் இல்லை என்பதற்கு மேல் அந்தப் பதிலில் எதுவும் இல்லை. டாக்டருக்கு வேண்டியது போன நான்கு வாரக் கணக்கு. ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளால் சரியாகச் செய்ய முடியாது. அதனால் நீங்கள் கவனித்துச் சொல்வதை வைத்தே மருந்து கூடும், குறையும்.

ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 'ஜினா' எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. பகலில் இருமலோ வீசிங்கோ மூச்சிரைப்போ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்து, வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வந்ததா? ஆஸ்துமாவால் ஓட்டம், விளையாட்டு கொஞ்சமாவது குறைந்ததா? உடனடி நிவாரணத்துக்கான சால்பூட்டமால் வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் ராத்திரி ஒரு தடவையாவது இருமினானா, விழித்தானா? நான்குக்கும் 'இல்லை' என்றால் நல்ல கட்டுப்பாடு. ஒன்று அல்லது இரண்டு 'ஆமாம்' என்றால் பாதிக் கட்டுப்பாடு. மூன்று, நான்கு என்றால் கட்டுப்பாடு இல்லை.

கேள்விகள் எளிது, பதில்தான் தடுக்கும். ராத்திரி இருமலை "சளிதான்" என்று கணக்கில் விட்டுவிடுவார்கள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வறட்டு இருமல், பகலில் சிரித்தாலோ அழுதாலோ ஓடினாலோ இருமல் என்றால் அதை எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளை தூங்கிக்கொண்டே இருமும். அதற்கு ஞாபகம் இருக்காது. பக்கத்தில் படுப்பது பாட்டி என்றால் பாட்டியிடம் கேளுங்கள்.

இன்னும் ஏமாற்றுவது விளையாட்டுக் கேள்வி. ஓடினால் இளைக்கும் என்று தெரிந்த பிள்ளை தானாகவே ஓடுவதை விட்டுவிடும். மற்றவர்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவன் ஓரமாக உட்கார்ந்து கார் பொம்மை உருட்டினால், "சாது" என்று முடிவுகட்ட வேண்டாம். மாடிப்படியில் பாதியில் "தூக்கு" என்கிறானா பாருங்கள். "ஓடாதே" என்று வீட்டில் தடுத்து வைத்திருந்தால், இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே இதற்குப் போதும். பகல் தொந்தரவுக்கு 'ப', ராத்திரிக்கு 'இ', சால்பூட்டமால் போட்ட நாளில் எத்தனை பஃப் (இன்ஹேலரை எத்தனை தடவை அழுத்தினீர்கள்) என்ற எண். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். வீசிங் சத்தம் வரும்போது நெஞ்சு தெரியும்படி அரை நிமிட வீடியோவும் எடுத்து வைத்தால், அது வீசிங்கா மூக்கடைப்புச் சத்தமா என்று டாக்டர் பார்த்துவிடுவார்.

நான்கு வாரம் சுத்தமாக இருந்தாலும் மறுபடி கடுமையாகத் திணறும் அபாயம் தனிக்கணக்கு. போன ஒரு வருஷத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததோ, மூச்சுத் திணறலுக்கு வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்ததோ உண்டென்றால் அதையும் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு சரியில்லை என்று தெரிந்ததும் மருந்தைக் கூட்டச் சொல்வதற்கு முன், உள்ளே மருந்து போகிறதா என்று பாருங்கள். கோளாறு பெரும்பாலும் இங்கேதான். நான்கு வயதுக்குள் ஸ்பேசரோடு (இன்ஹேலரைப் பொருத்தி மருந்தை மூச்சில் இழுக்க உதவும் குழாய்) முகக்கவசமும் வேண்டும். கவசம் கன்னத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். மூக்கோரம் இடுக்கு விட்டாலே மருந்து வெளியே போய்விடும். இன்ஹேலரைக் குலுக்கி ஒரு பஃப், பிறகு ஐந்தாறு சாதாரண மூச்சு, மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அழும் பிள்ளைக்கு நுரையீரலில் சேர்வது மிகக் குறைவு. மடியில் வைத்துச் சமாதானப்படுத்தி விட்டுப் போடுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் சேர்ந்து மருந்தை இழுத்துக்கொள்ளும்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் தினமும் போட வேண்டிய தடுப்பு இன்ஹேலரை விடாமல் போடுகிறீர்களா என்பதற்கும் கணக்கு உண்டு. 120 பஃப் உள்ளதைக் காலை ஒன்று, மாலை ஒன்று போட்டால் 60 நாளில் தீர வேண்டும். மூன்று மாதம் வருகிறதா? மூன்றில் ஒரு பங்கு விட்டுப்போகிறது. மீதி எவ்வளவு என்று இன்ஹேலரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பக்கூடியதல்ல. எண் காட்டி இல்லாவிட்டால் தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பிறகு வீட்டுக் காற்றைப் பாருங்கள்: கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி, சிகரெட்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் காலண்டர் நிறைந்தால், அடுத்த முறைவரை காத்திராமல் டாக்டரைப் பாருங்கள். எடை ஏறாமை, அல்லது கடலை மாதிரி ஏதோ தொண்டையில் சிக்கிய பிறகு திடீரென ஆரம்பித்த இருமல் என்றால் அது ஆஸ்துமாதானா என்பதையே மறுபடி பார்க்க வேண்டும். நல்ல கட்டுப்பாடு மூன்று மாதம் நீடித்தால் டாக்டரே அளவைக் குறைத்துப் பார்ப்பார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விலாவுக்கு இடையே குழி விழுவது, பேசவோ பால் குடிக்கவோ முடியாமை, உதட்டில் நீலம், அசாதாரணத் தூக்கம் — இதில் எது வந்தாலும் காலண்டரைப் பார்க்க வேண்டாம். சால்பூட்டமாலை ஸ்பேசரில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டில் 108.