துருவப் பனியில் இருக்கும் தூசி எங்கிருந்து வந்தது? தேடும்போது சறுக்கும் இடங்கள்

கிழக்கு அண்டார்டிகாவின் டோம் சி என்ற பனிமேட்டில் துளையிட்டு எடுத்த பனித்தூணில் 8 லட்சம் ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து போட்ட தூசி இருக்கிறது. பனியை உருக்கி, தூசியைப் பிரித்து, ஸ்ட்ரான்சியம், நியோடைமியம் என்ற இரண்டு தனிமங்களின் ஐசோடோப்பு விகிதத்தை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை) அளந்து, எந்த ஊர் மண்ணோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் எல்லாரும் நினைப்போம். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

பெரிய தவறு, துகள் அளவைக் கவனிக்காமல் ஒப்பிடுவது. டோம் சி வரை வந்து சேரும் துகள்கள் பெரும்பாலும் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) பக்கம்தான் இருக்கும், கனமானவை வழியிலேயே விழுந்துவிடும். நீங்களோ ஆற்றுப்படுகையில் கரண்டியால் அள்ளி, மணலும் வண்டலுமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்த மண்ணை அப்படியே அரைத்து அளக்கிறீர்கள். நுண்துகள்களில் நிறைய இருக்கும் களிமண்ணிலும் மைக்கா என்ற கனிமத்திலும் ருபிடியம் அதிகம், அந்த ருபிடியம்-87 சிதைந்துதான் ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது, அதனால் ஒரே கைப்பிடி மண்ணில்கூட நுண்துகளின் ஸ்ட்ரான்சியம் விகிதம் பருமணலைவிடப் பொதுவாக உயர்ந்து நிற்கும். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணலைக் கீழே இறங்கவிட்டு, 5 மைக்ரானுக்குக் குறைவானதை மட்டும் எடுத்து அளந்தால்தான் ஒப்பீடு செல்லும். நியோடைமியம் இந்த விஷயத்தில் ரொம்பத் தொந்தரவு தராது. இரண்டில் ஒன்றைத்தான் நம்பலாம் என்றால் நான் நியோடைமியத்தைத்தான் நம்புவேன்.

அமிலமும் இப்படித்தான் காலை வாரும். கிரீன்லாந்துத் தூசியில் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) இருக்கும், அதன் ஸ்ட்ரான்சியம் களிமண்ணினுடையது மாதிரி இருக்காது, அமிலத்தில் கழுவினால் அது கரைந்துபோகும். ஒரு மாதிரியை அமிலத்தில் கழுவி, இன்னொன்றைக் கழுவாமல் அளந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தால், தெரிவது ஊர் வித்தியாசமா கழுவிய வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், 'ஒத்துப்போகிறது, அப்படியென்றால் அங்கிருந்துதான் வந்தது' என்ற அவசரம். 1997இல் ஆய்வாளர் பிஸ்கேயும் அவர் குழுவும் கிரீன்லாந்தின் பனியுகத் தூசிக்குக் கிழக்கு ஆசியப் பாலைவனங்களைக் காட்டினார்கள். அவர்கள் ஐசோடோப்போடு நிற்காமல் களிமண் கனிமங்களையும் சேர்த்தே பார்த்தவர்கள். அப்படியும், பிற்பாடு ஐரோப்பிய லோயஸ் (காற்று கொண்டுவந்து குவித்த வண்டல்) மண்ணின் நுண்துகளை அளந்தபோது அதுவும் வரைபடத்தில் கிட்டத்தட்ட அதே வட்டத்துக்குள் வந்து விழுந்தது! நீங்கள் போய் எடுக்காத மண் உங்கள் வரைபடத்தில் இருக்காது, அவ்வளவுதான். ஐசோடோப்பு ஒரு இடத்தை 'இது இல்லை' என்று ஒதுக்கத்தான் நன்றாக உதவும், 'இதுதான்' என்று அடித்துச் சொல்ல உதவாது. இரண்டு மூன்று இடத்து மண் கலந்தாலும் நடுவில் இருக்கும் நான்காவது ஊர் மாதிரியே தெரியும்.

பனியுகத்து விடையை இன்றைய காலத்துக்கு நீட்டாதீர்கள். கிழக்கு அண்டார்டிகாவின் பனியுகத் தூசிக்குத் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியா முக்கிய மூலம் என்பதில் பெரிய சண்டை இல்லை, ஆனால் பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பக்காலத் தூசியில் ஆஸ்திரேலியாவின் பங்கும் பேசப்படுகிறது. அந்தக் காலத்துப் பனியில் ஒரு கிலோவுக்குப் பத்துப் பதினைந்து மைக்ரோகிராம் தூசிதான் தேறும். துளையிடும் திரவம் பட்ட வெளிப்பரப்பைச் சரியாகச் சீவி எடுக்காவிட்டால் நீங்கள் அளப்பது உங்கள் ஆய்வகத்துத் தூசியைத்தான். எரிமலைச் சாம்பல் கொஞ்சம் கலந்திருந்தாலும் விடை மாறிவிடும், ஆகவே அளப்பதற்கு முன் நுண்ணோக்கியில் சாம்பலின் அடையாளமான கண்ணாடித் துணுக்குகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

இன்னொன்று, செறிவையும் (ஒரு கிலோ பனியில் எவ்வளவு தூசி) படிவு வீதத்தையும் (ஓர் இடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு தூசி விழுகிறது) குழப்பிக்கொள்வது. பனியுகத்தில் டோம் சி-யில் பனிப்பொழிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது, அதனால் வந்து விழும் தூசி மாறாவிட்டாலும் ஒரு கிலோ பனியில் அது இரு மடங்காகத் தெரியும். பனிப்பொழிவைக் கணக்கில் சேர்த்த பிறகும் பனியுகத் தூசியில் ஏறக்குறைய 25 மடங்கு உயர்வு நிற்கிறது. அதைப் பார்த்தவுடன் 'காற்று பலமாக வீசியிருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். படகோனியாவில் பனியாறுகள் அரைத்துக் கொட்டிய வண்டல் வெளியே கிடந்ததும், வழியில் தூசியைக் கழுவி இறக்கும் மழை குறைந்ததும் இதே வேலையைச் செய்திருக்கும்.