ஊர்ப்பக்கம் காத்தாடியோ சோலாரோ வருதா? ஊருக்கு வர வேண்டியத கேட்டு வாங்குறது எப்படி

தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் இருக்கவங்களுக்கு இது பழகின கதைதான். வெளியூர் ஜீப் ஒண்ணு வரும், ரெண்டு பேரு டீக்கடையில நின்னு இந்த தரிசு யாரோடதுன்னு விசாரிப்பாங்க, கொஞ்ச நாள்ல புரோக்கர் வருவாரு, அப்புறம் ஊர் முழுக்க ஒரே பேச்சு, வேலை கிடைக்கும், ரோடு வரும், கரண்ட் ஃப்ரீன்னு. இதுல எது நடக்கும் எது நடக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா எத கேக்கணும்னு தெளிவா இருக்கலாம், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். காத்தாலையோ (நாம காத்தாடின்னு சொல்றது) சோலாரோ, பிளான்ட்ல தயாராகுற கரண்ட் நேரா உங்க ஊருக்கு வராது, அது சப்ஸ்டேஷனுக்குப் போயி கிரிட்டுல, அதாவது எல்லா ஊருக்கும் பொதுவா கரண்ட் போற லைன்ல கலந்துடும். பக்கத்துலயே காத்தாடி சுத்துது, எங்க ஊர்ல ஏன்யா கரண்ட் கட்டுன்னு கேக்குறதுக்கு பதில் இதுதான். அதனால ஊருக்கு லாபம்னா அது பணமாத்தான் வரணும், இல்ல வேலையா வரணும், இல்ல பேப்பர்ல எழுதி வாங்குன வசதியா வரணும். வாய்ல சொன்னது எதுவும் கணக்குல இல்ல.

இருக்கறதுலயே பெரிய லாபம் ஊரே சொந்தமா வச்சிக்கிறதுலதான். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்துல இருக்குற ஓடந்துறை ஊராட்சிய பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. தெருவிளக்கு, குடிதண்ணி மோட்டாருன்னு கரண்ட் பில் ஏறிக்கிட்டே போனதுல முதல்ல விறக எரிவாயுவா மாத்தி கரண்ட் எடுக்குற ஒரு சின்ன 9 கிலோவாட் மெஷின் (கேசிஃபையர்) வச்சு தண்ணி ஏத்திப் பாத்தாங்க, அப்புறம் 2006ல 350 கிலோவாட் காத்தாடி ஒண்ண ஊராட்சி பேர்லயே வாங்கிட்டாங்க. செலவு 1.55 கோடி, அதுல 40 லட்சம் ஊராட்சி சேத்து வச்சிருந்த பணம், மிச்சம் பேங்க் லோன். காத்தாடி இருக்கறது ஓடந்துறையில இல்ல, காத்து நல்லா வர்ற உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில. நிறைய பேரு இங்கதான் தப்பா புரிஞ்சுக்கிறாங்க, நம்ம ஊர்ல காத்து இல்லையேன்னு விட்டுடுறாங்க, கிரிட்டு இருக்கறப்போ காத்து எங்க இருக்கோ அங்க போயி நிறுத்திக்கலாம். வருஷத்துக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட், ஊர் தேவை போக ஏறக்குறைய ரெண்டு லட்சம் யூனிட் மின்வாரியத்துக்கு, அந்த வருமானத்துலயே லோனும் அடைஞ்சுது. ஒரு தலைவரு பிடிவாதமா நின்னதால நடந்தது, அத மறுக்கல, ஆனா கணக்கு சரியா இருந்ததாலதான பேங்க் பணம் குடுத்துச்சு.

அந்தக் கணக்க உங்க ஊருக்கும் போட்டுப் பாக்கலாம். ஊராட்சி செயலர்கிட்ட போயி தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டாரு, ஆபீஸ் எல்லாத்துக்கும் கடைசி ஒரு வருஷ ஈபி பில்ல வாங்கி யூனிட்ட கூட்டுங்க. நம்ம பக்கம் ஒரு கிலோவாட் சோலாரு சராசரியா நாளைக்கு 4 யூனிட் தரும், அப்போ வருஷத்துக்கு 60,000 யூனிட் வேணும்னா 40 கிலோவாட் சுமாருக்கு வரும். பெருசா பண்ண தெம்பு இருந்தா பிஎம் குசும்னு ஒரு திட்டம் 2019ல ஆரம்பிச்சாங்க, அதோட ஏ பிரிவுல 500 கிலோவாட்லேந்து 2 மெகாவாட் வரைக்கும் தரிசுல சோலார் போட்டு மின்வாரியத்துக்கு விக்கலாம், விவசாயி மட்டும் இல்ல, ஊராட்சி, கூட்டுறவு சங்கம், உழவர் உற்பத்தியாளர் கம்பெனி எல்லாரும் போடலாம். சப்ஸ்டேஷன்லேந்து 5 கிலோமீட்டருக்குள்ள நிலம் இருக்கணும்ங்கறதுதான் முக்கியமான கண்டிஷன். இப்போ விண்ணப்பம் வாங்குறாங்களான்னு மின்வாரிய ஆபீஸ்ல கேட்டுட்டு இறங்குங்க.

சொந்தமா முடியாது, கம்பெனிதான் வருதுன்னா அடுத்தது நிலம். விக்கிறதா லீஸுக்கு விடுறதான்னு கேட்டா என் கருத்து லீஸ்தான், ஆனா லீஸ் பத்திரம் 25, 30 வருஷம் ஓடும், உங்க பேரன் காலம் வரைக்கும் வர்ற பேப்பர் அது, புரோக்கர் காட்டுற எடத்துல எல்லாம் கையெழுத்து போடாதீங்க. ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ் கட்டாயம் ரெஜிஸ்டர் பண்ணணும், ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி சீல் வச்சா போதும்னு சொன்னா நம்பாதீங்க. வாடகை வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏறும்னு நம்பராவே எழுதியிருக்கணும். கம்பெனி கை மாறினா புது ஆளு அதே வாடகைய கட்டணும், உங்க நிலத்த அடமானம் வைக்கக் கூடாது, நடுவுல திட்டத்த கைவிட்டா என்ன தருவாங்க, முடிஞ்சதும் கான்கிரீட்டு கம்பி எல்லாத்தையும் யாரு செலவுல எடுப்பாங்க, இதெல்லாம் எழுத்துல வேணும். பவர் (உங்களுக்குப் பதிலா கையெழுத்து போடுற அதிகாரம்) எழுதிக் குடுங்க மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்னு சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. கூட்டுப் பட்டான்னா முதல்ல தனிப் பட்டா பிரிங்க, இல்லன்னா வாடகை வர்றப்போ அண்ணன் தம்பி கோர்ட்டுல நிப்பாங்க. கிணத்துல இலவச கரண்ட் சர்வீஸ் இருந்தா அது என்ன ஆகும்னு மின்வாரியத்துல கேட்டு வச்சிக்கோங்க, பின்னாடி அத திரும்ப வாங்குறது லேசு இல்ல.

காத்தாடிக்கும் சோலாருக்கும் இதுல பெரிய வித்தியாசம் உண்டு. காத்தாடின்னா அடிமானமும் வண்டிப் பாதையும் போக மிச்ச நிலத்துல உழுது விதைக்கலாம், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனா காத்தாடிக்கு கீழயே தோப்பும் வயலும் பாக்கலாம். சோலாருன்னா வேலி போட்டு அடைச்சுடுவாங்க. இதுல யாரும் பேசாத ஒரு விஷயம், வாடகை பட்டாக்காரருக்கு மட்டும்தான் வரும், அந்த நிலத்துல களை எடுத்தவங்க, ஆடு மேய்ச்சவங்க கைக்கு ஒரு பைசா வராது. தரிசுன்னு சொல்றதுல பாதி மேய்ச்சல் நிலம்தான. அதனால பேசுறப்போ பட்டாக்காரங்க மட்டும் போயி உக்காராதீங்க. வேலிக்குள்ள புல்லு மேய ஆடு விடுறது, புல்லு வெட்டுறது, பேனல் கழுவுறது, வாட்ச்மேன் வேலை இதெல்லாம் நிலம் இல்லாதவங்களுக்கு முதல்லன்னு கேளுங்க, மகளிர் குழுவுக்கு கான்ட்ராக்டா வாங்க முடியுமான்னும் பாருங்க.

வேலைய பத்தி ரொம்ப ஆசைப்பட வேணாம். கட்டுற வரைக்கும் ஆளு நிறைய வேணும், கட்டி முடிஞ்சா ஒரு கை எண்ணிக்கைதான். கமுதியில 2016ல வந்த 648 மெகாவாட் சோலாரு சுமார் 2,500 ஏக்கர், அங்க பேனல் துடைக்கறதுக்கே ரோபோ போட்டிருக்காங்க. அதனால எத்தனை பேருக்கு வேலைன்னு கேக்காதீங்க, கட்டி முடிஞ்ச பிறகு மாச சம்பளத்துக்கு எத்தனை பேரு, அதுல உள்ளூரு எத்தனைன்னு கேளுங்க. ஐடிஐ முடிச்ச பசங்க இருந்தா அந்த லிஸ்ட்ட முன்னாடியே குடுத்து வைங்க. தண்ணியையும் சேத்து கேளுங்க, பேனல் கழுவ போர் போடப் போறாங்களா, எத்தனை அடின்னு.

சிஎஸ்ஆர் பணத்துல, அதாவது கம்பெனி லாபத்துல சமூகத்துக்குன்னு ஒதுக்குற பணத்துல ஸ்கூலு, சமுதாயக் கூடம் எல்லாம் கட்டித் தருவோம்னு ஒரு பேச்சு வரும். சட்டப்படி நிகர லாபம் 5 கோடி, இல்ல டர்ன் ஓவர் 1,000 கோடி, இல்ல நிகர மதிப்பு 500 கோடி, இதுல ஏதாவது ஒண்ணு தாண்டுன கம்பெனிக்குத்தான் லாபத்துல ரெண்டு சதவீதம் இதுக்கு ஒதுக்குறது கட்டாயம். ஒவ்வொரு பிளான்டுக்கும் தனியா ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிக்கிறது இந்தத் தொழில்ல வழக்கம், அந்தக் கம்பெனி கணக்குல முதல் சில வருஷம் பெரும்பாலும் லாபமே இருக்காது. அதனால சிஎஸ்ஆர நம்பாம, மெகாவாட்டுக்கு இத்தனை ரூபான்னு வருஷா வருஷம் ஊருக்கு ஒரு தொகை தர்றோம்னு ஒப்பந்தமா எழுதி வாங்கப் பாருங்க. சட்டம் இத கட்டாயப்படுத்தல, பேரம்தான், வேலை தொடங்குறதுக்கு முன்னாடி கேட்டா மட்டும்தான் மதிப்பு.

எங்க கேக்கறது? கலெக்டர் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பாருன்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, சோலாருக்கும் காத்தாடிக்கும் மத்திய அரசோட சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்ல, அதனால அந்தக் கூட்டமே வராது. உங்க கையில இருக்கறது கிராம சபைதான், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுக்கு முன்னாடியே புலப்படத்த (நிலத்தோட அளவு வரைபடம்) எடுத்து ஓடை, வண்டிப் பாதை, குளத்துக்கு வர்ற வரத்துக் கால்வாய் எதெல்லாம் வேலிக்குள்ள போகுதுன்னு கலர் பேனாவுல குறிச்சு வைங்க, புறம்போக்க தனி ஆளு யாரும் லீஸுக்கு விட முடியாது, ஆனா வேலி போட்ட பிறகு உள்ள போயி அளக்கவும் முடியாது. கோரிக்கைய சர்வே நம்பரோட எழுதி தீர்மானமா போடச் சொல்லுங்க, மினிட்ஸ் நோட்டுல ஏறுனத கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடுங்க. ஊராட்சிக்கு என்ன வரி, என்ன கட்டணம் வரணும்னு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, பதில் இல்லன்னா 10 ரூபா கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு (ஆர்டிஐ) போடுங்க, 30 நாள்ல பதில் தரணும்.

கம்பெனிக்காரங்க கூட்டத்துக்கு வந்தா பேசுறத ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, பண்றோம்னு சொல்லிட்டே பண்ணுங்க. அத கேட்டுட்டு ரொம்ப அள்ளி விடாம பேசுறவங்ககிட்டதான் மேற்கொண்டு பேரம் பேசலாம்.