‘ட்ரூப்பி’: எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

ஏப்ரல் வெயிலில் பெங்களூரு அல்சூர் வீட்டு பால்கனித் துளசி இலைகளைத் துவளவிட்டு நிற்கும். ஆங்கிலத்தில் அந்தச் செடி ‘ட்ரூப்பி’ (droopy). அதே தெருவில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் மின்கம்பி ‘சேகிங்’ (sagging). நாம் இரண்டையும் ‘தொங்குது’ என்று முடித்துவிடுவதால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாறுகிறோம்.

எங்கே பிடிப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு முனை பிடித்திருக்க, மறுமுனை விறைப்பு இழந்து கீழே சாய்ந்தால் ட்ரூப்பி: இலை, பூக்காம்பு, நாயின் காது, கண்ணிமை, ஓரம் கீழிறங்கிய மீசை. நடுப்பகுதி பாரத்தால் குழிந்தால் ‘சேகிங்’ அல்லது ‘சேகி’: மெத்தை, சோபா, புத்தகப் பலகை. வீட்டு ஓனருக்கு ‘ட்ரூப்பி மேட்ரஸ்’ என்று எழுதினால் விஷயம் புரியும், சிரிப்பும் வரும். தொளதொள பேன்ட்டுக்கு ‘பேகி’ போதும். காய்ந்து சுருங்கிய செடிக்கு ‘விதர்ட்’. ட்ரூப்பி செடி பெரும்பாலும் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். (தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை தொங்கும், மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.)

மனதுக்கும் இந்தச் சொல் வரும். மூலமே ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் தலை கவிழ்வதைக் குறித்த சொல். ‘ஃபீலிங் ட்ரூப்பி’ என்றால் உடம்பும் மனசும் சோர்ந்து கிடக்கிறது என்று பொருள். நண்பர்களிடம் சொல்லலாம், லீவ் மெயிலில் வேண்டாம், துக்க வீட்டுச் செய்தியில் வேண்டவே வேண்டாம். அங்கே விளையாட்டாகத் தொனிக்கும்.

பெரிய கண்ணி ஒன்று உண்டு. ‘மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கான்’ என்பதை ‘ட்ரூப்பி ஃபேஸ்’ ஆக்காதீர்கள். முகத்தின் ஒரு பக்கம் தொங்குவது பக்கவாதத்தின் அறிகுறி; படிப்பவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார். வாடிய முகத்துக்கு ‘லாங் ஃபேஸ்’ அல்லது ‘கிளம்’ (glum). இமை தொங்குவதை டாக்டர் சீட்டில் ‘டோசிஸ்’ (ptosis) என்பார்கள். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலில் நிற்கும் ‘பி’க்கு ஒலி கிடையாது.

உச்சரிப்பில் முதல் ஒலி ‘டெல்லி’யின் ட. ‘டீ’ குடிக்கும் ட ஆகிவிட்டால், படைப்பிரிவைக் குறிக்கும் சொல்லாக (troop) கேட்கும். அழுத்தமும் நீட்டமும் ‘ரூ’வில்தான்; நாம் வழக்கமாக அழுத்தும் ‘ப்பி’ அங்கே மெலிந்து ஒலிக்கும். எழுத்தில் ‘ஓ’ இரண்டு, ‘பி’ ஒன்றே. முன்னால் உயிரெழுத்து இரட்டித்திருப்பதால் மெய் இரட்டிக்காது. ஒற்றை ‘ஓ’ வரும் ‘ஃப்ளாப்பி’யில் (floppy) இரட்டிக்கும். ‘ட்ரூப்பியர்’, ‘ட்ரூப்பியஸ்ட்’ என்று நீட்டும்போது கடைசி ‘ஒய்’ போய் ‘ஐ’ வரும்.