ஸ்லைடில் பூஞ்சை இருக்கிறது, தட்டில் இல்லை: என் அனுபவம்

பினாங்கில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பாலிக் பூலாவ் டுரியான் தோட்டக்காரர் ஒருவரின் கட்டைவிரல் நகம் எங்களை நாள்கணக்கில் அலைக்கழித்தது. நகத்தை இளக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறிய நகச் சீவலில் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. வளர்ப்புத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

பூஞ்சை மருந்து எதுவும் அவர் போடவில்லை. நுனியில் பெரும்பாலும் செத்த இழைதான் இருக்கும் என்பதால், நோய் நல்ல நகத்தைத் தொடும் இடத்தில் ஆழமாகச் சுரண்டி எடுத்தோம். தட்டை 4 வாரம் வைத்தும் பார்த்தோம். பலனில்லை.

சரி, ஸ்லைடையே நிதானமாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நகத்தை வழக்கமாகத் தாக்கும் டெர்மட்டோஃபைட் வகைப் பூஞ்சையின் இழை பெரும்பாலும் சீரான அகலத்தில் ஓடும். இதுவோ ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, நெளிந்து போனது. விளிம்பில் இரட்டைக் கோடு போட்டதுபோல் இருந்தது. உடனே தட்டின் லேபிளைப் பார்த்தேன்: சைக்ளோஹெக்சிமைடு கலந்த சபோரா அகார் என்ற பூஞ்சை வளர்ப்பு ஊடகம். மற்ற பூஞ்சைகள் முந்திக்கொள்ளாமல் இருக்கத்தான் சைக்ளோஹெக்சிமைடைக் கலக்கிறார்கள். ஆனால் இப்படி இழை விடும், வெப்பமண்டல மண்ணிலும் மரங்களிலும் வாழும் நியோசைட்டலிடியம் டைமிடியேட்டம் என்ற பூஞ்சையையும் அது அடக்கிவிடும்.

மீதியிருந்த சீவலை பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிகால் மட்டும் கலந்த தட்டில் போட்டேன். சில நாளிலேயே பஞ்சாகத் தட்டை நிறைத்து, சாம்பல் நிறமாகி, கறுத்தது. அப்பாடா! புதிதாக எடுத்த சீவலிலும் அதுவே வந்ததால், வெளியிலிருந்து விழுந்த பூஞ்சை அல்ல என்பதும் உறுதியானது. நகப் பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்து இதற்குப் பெரும்பாலும் சரியாகக் கேட்காது. அதனால் மருத்துவருக்குப் பூஞ்சையின் பெயரோடு அறிக்கை போனது. இப்போது ஒவ்வொரு நகத்துக்கும் இரண்டு வகைத் தட்டு வைக்கிறோம்.