கால நீட்சி: தாளும் பேனாவும் போதும்

கால நீட்சி (வேகமாகப் பயணிக்கும் கடிகாரம் மெதுவாக நடப்பது) என்றாலே, விண்கப்பலில் போய்வந்த அண்ணன் இளமையாக இருப்பதும் வீட்டில் இருந்த தம்பி நரைத்துப் போவதும்தான் எல்லாரும் சொல்லும் கதை. யாரும் செய்து பார்க்காத கதை அது, விட்டுவிடுவோம். உண்மையில் நடந்த ஒரு சோதனைக்கு நாமே கணக்குப் போடலாம்.

படி 1: முக்கோணம் வரையுங்கள்

ஓடும் ராக்கெட்டுக்குள் கீழே ஒரு கண்ணாடி, நேர் மேலே இன்னொன்று. ஒளி கீழிருந்து மேலே போய்ச் சேர்ந்தால் ஒரு 'டிக்'. உள்ளே இருப்பவருக்கு ஒளி செங்குத்தாகப் போகிறது. வெளியே நிற்கும் நமக்கோ, அது மேலே சேர்வதற்குள் ராக்கெட் நகர்ந்துவிடுவதால், சாய்வாகப் போகிறது.

அடிப்பக்கம் 3, உயரம் 4 என்று செங்கோண முக்கோணம் போட்டால் சாய்வுப் பக்கம் 5. ஒளி 5 போவதற்குள் ராக்கெட் 3 போகிறது. அதாவது ராக்கெட்டின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒளிக்குப் பதில் பந்து என்றால், ராக்கெட்டின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கூடுதல் தூரம் ஈடாகிவிடும். ஒளிக்கு அந்தச் சலுகை கிடையாது. யார் அளந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர்தான். 1905-இல் ஐன்ஸ்டைன் இதை அடிப்படை விதியாகவே எடுத்துக்கொண்டார். வேகம் ஒன்றே, ஆனால் தூரம் உள்ளே 4, வெளியே 5 என்றால், மாறுவதற்கு மிச்சம் இருப்பது நேரம்தான். ராக்கெட் கடிகாரத்தில் 4 நொடி ஆகும்போது நமக்கு 5 நொடி ஆகியிருக்கும்.

படி 2: எந்த வேகத்துக்கும் காரணி

நேரம் எத்தனை மடங்கு நீள்கிறது என்று சொல்வதுதான் காரணி. வேகப் பங்கை வர்க்கப்படுத்தி, 1-இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதால் 1-ஐ வகுக்க வேண்டும். 0.6-க்கு 1.25. 0.995-க்குக் கிட்டத்தட்ட 10. விமானத்தின் வேகத்தைப் போட்டால் சாதாரண கால்குலேட்டர் 1 என்றே காட்டும். அன்றாட வாழ்க்கையில் இது நமக்குத் தட்டுப்படாதது அதனால்தான். இதற்கு லாரன்ட்ஸ் காரணி என்று பெயர்.

படி 3: மலைக்குப் போவோம்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதுவதால் உண்டாகும் துகள் மியூவான். (ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் எண்ணுவதும் இதைத்தான்.) அற்பாயுள் ஜீவன்: சுமார் 1.5 மைக்ரோ நொடிக்கு (மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒருமுறை கூட்டம் பாதியாகிவிடும். இந்த ஆயுளே அதன் கடிகாரம்.

அமெரிக்காவின் மவுன்ட் வாஷிங்டன் உச்சியில், ஒளியின் வேகத்தில் சுமார் 0.995 பங்கு வேகத்தில் வரும் மியூவான்களை மட்டும் இரும்புக் குவியலால் வடிகட்டி எண்ணினார்கள் இயற்பியலாளர்கள் ஃபிரிஷ், ஸ்மித் இருவரும். மணிக்குச் சுமார் 560. முடிவு 1963-இல் வெளியானது.

சுமார் 1,900 மீட்டர் கீழே, கடல் மட்டத்துக்கு வந்து சேர 6.4 மைக்ரோ நொடி ஆகும். பாதி பாதியாக்குங்கள்: 280, 140, 70, 35. மிச்ச நேரத்தையும் சேர்த்தால் 30 தேறலாம்.

கீழே எண்ணியபோது கிடைத்ததோ 400-க்கும் மேல்!

சரி, காரணியைப் போடுவோம். காற்றில் வேகம் சற்றுக் குறைவதால் 10 வேண்டாம், 9 என்று வைத்துக்கொள்ளலாம். 6.4-ஐ 9-ஆல் வகுத்தால், மியூவானின் கடிகாரத்தில் 0.7 மைக்ரோ நொடி. ஒரு பாதியாக்கலுக்கான நேரத்தில் அதுவே பாதிதான். 560-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 396. ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது.

படி 4: மியூவான் பக்கம் நின்று பாருங்கள்

பலரும் குழம்புவது இங்கேதான். மியூவானுக்கு எதுவும் மெதுவாக நடப்பதாகத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அது சும்மா இருக்கிறது, மலைதான் பாய்ந்து வருகிறது. அப்படிப் பாயும் மலையின் உயரமும் அதே 9 மடங்கு சுருங்கி, 210 மீட்டர்தான் இருக்கும். அதைக் கடக்க அதே 0.7 மைக்ரோ நொடி போதும்.