கிலோ விலையா, லிட்டர் விலையா?

எங்கள் பலகாரக் கடைக்குக் கடலை எண்ணெய் வாங்கும்போது ஒரு செக்கில் லிட்டர் 190 ரூபாய், இன்னொன்றில் கிலோ 200 ரூபாய். லிட்டர் விலைதான் மலிவு என்றே எல்லோரும் சொன்னார்கள். எண்ணெயின் அடர்த்தி தெரியாமல் இதற்கு விடை கிடையாது.

தராசில் காலிப் பாத்திரத்தை வைத்துச் சுழியாக்கினேன். முதலில் லிட்டர் படியால் தண்ணீர் ஊற்றினேன். ஏறக்குறைய ஒரு கிலோ காட்டியது, ஆகவே படி சரி. (இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், நெளிந்த படிகள் ஏராளம்.) துடைத்துவிட்டு அதே படியால் எண்ணெய் ஊற்றினால் 910 கிராம்தான். அதாவது லிட்டருக்கு 0.91 கிலோ.

லிட்டரைக் கிலோவாக்க 0.91ஆல் பெருக்க வேண்டும். கிலோவை லிட்டராக்க 0.91ஆல் வகுக்க வேண்டும். ஒரு லிட்டர் என்பது 0.91 கிலோதான், ஆகவே கிலோ 200 ரூபாய் என்றால் லிட்டருக்கு 200 × 0.91 = 182 ரூபாய்தான்! கிலோவில் விற்பவரிடமே வாங்கினோம். 15 கிலோ டின்னில் சுமார் 16.5 லிட்டர் இருக்கும்; 15 லிட்டர் டின்னிலோ 13.65 கிலோதான்.

எண்ணெய் சூடாக இருக்கும்போது அளக்கக் கூடாது, விரிந்து எடை குறைவாகக் காட்டும். தேனுக்கு இந்த எண் பொருந்தாது. அது லிட்டருக்கு சுமார் 1.4 கிலோ.