சிரட்டையிலிருந்து ஈயம் பிடிக்கும் கரி

செட்டிநாட்டுப் பக்கம் கரிக்குப் பஞ்சமில்லை. நீரிலுள்ள ஈயத்தை உறிஞ்சும் கரி செய்ய, மூட்டம் போட்ட கருவேலங்கரியை வாங்கிப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்தால் போதும் என்று பலரும் தொடங்குகிறார்கள். அது வேலைக்கு ஆகாது. அமிலம் பிடிப்பது சுடாத மரத்திலும் ஓட்டிலும் உள்ள செல்லுலோஸ், லிக்னின் என்ற பொருள்களைத்தான். தார் வெளியேறாமல் கட்டிப்போட்டு, குறைந்த சூட்டிலேயே துளைகளையும் உலோகம் பிடிக்கும் அமிலத் தொகுதிகளையும் உண்டாக்கும். கரியான பின் அதற்கு அங்கே வேலை மிச்சமில்லை. எனவே சுடாத தேங்காய்ச் சிரட்டையே வேண்டும்.

அமிலத்துக்குப் பதில் துத்தநாகக் குளோரைடும் நல்ல துளை தரும். ஆனால் உலோகத்தை நீக்கப் போகிற கரியில் துத்தநாகம் தங்குவதில் அர்த்தமில்லை.

நார் சுரண்டிய சிரட்டையை இடித்து, 1–2 மி.மீ. துண்டுகளாகச் சலித்து, கழுவி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். 100 கிராமுக்கு 85 சதவீத அமிலம் 104 மி.லி. (அமில எடை சிரட்டையைப் போல் ஒன்றரை மடங்கு). 100 மி.லி. நீரில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றிச் செய்ய வேண்டாம். 85 டிகிரியில் 4 மணி நேரம், பிறகு இரவு முழுக்க ஊறட்டும். 110 டிகிரியில் நீர் வற்றக் காயவைத்து, மூடியுள்ள பீங்கான் குரூசிபிளில் (கடும் சூடு தாங்கும் கிண்ணம்) பாதி அளவே போடுங்கள், நுரைத்துப் பொங்கும். இரும்புப் பாத்திரம் அரித்துவிடும்.

உலை 170 டிகிரியில் ஒரு மணி நேரம். பின் நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, 450இல் ஒரு மணி நேரம். புகைபோக்கி கட்டாயம். 500ஐத் தாண்டினால் பாஸ்பேட் கட்டமைப்பு குலைந்து துளை சுருங்கத் தொடங்கும். நன்றாக ஆறாமல் மூடியைத் திறந்தால் கரி காற்றில் பற்றிக்கொள்ளும்.

பெரும்பாலான சோதனைகள் பொய்யாவது கழுவுவதில்தான். மிஞ்சிய பாஸ்பேட் ஈயத்தை வீழ்படிவாக்கிவிடும். கரி உறிஞ்சியதாக நாம் ஏமாந்து போவோம். ஆழ்குழாய் நீரில் கழுவினால் அதிலுள்ள கால்சியம் துளைகளில் பாஸ்பேட்டாகப் படியும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) பிடித்த சுத்தமான மழைநீர் முதல் கழுவல்களுக்குப் போதும். கடைசியில் கொதிக்கும் வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த நீர்). கழுவிய நீரில் சில துளி ஈய நைட்ரேட் விட்டுப் பாருங்கள்: கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். கலங்கிய நீர் சாக்கடைக்குப் போகக்கூடாது, கழிவுப் புட்டிக்கு.

சோதனைக்கு லிட்டருக்கு 50 மி.கி. ஈயமுள்ள கரைசல் 100 மி.லி., கரி 0.1 கிராம், பிஎச் (அமில-கார அளவு) 5, குலுக்கியில் 2 மணி நேரம். பிஎச் 6ஐத் தாண்டினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே விழும். 3க்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கரி போடாத கரைசல் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். பிறகு வடிகட்டுங்கள். வடிதாளும் ஈயத்தைப் பிடிக்கும், ஆகவே வடிந்த முதல் 10 மி.லி.யைக் கழிவுப் புட்டியில் கொட்டிவிட்டு, மீதியில் ஈயத்தை அளவிடுங்கள். அயோடின் எண்ணை (கரி எவ்வளவு அயோடின் உறிஞ்சும் என்ற அளவை) பார்த்து மகிழ வேண்டாம், அது துளையைத்தான் சொல்லும்.

முலாம் பூச்சுக் கழிவிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அது எதிர்மின் அயனி; பிஎச் 2 அருகில்தான் நன்றாகப் பிடிபடும், ஒரு பகுதி மூன்று இணைதிறனாகக் குறைந்து நீரிலேயே மிஞ்சும். அதனால் மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும்.

குடிநீரில் ஈயத்துக்கு ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை தரும் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. 99 சதவீதம் நீக்கினாலும் 50 மி.கி. கரைசலில் 0.5 மி.கி. மிச்சம், அதாவது வரம்பைப் போல் 50 மடங்கு. உலோகம் ஏறிய கரியைச் செடிக்குப் போடாமல், மூடிய டப்பாவில் அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.